மேட்டுக்காட்டுச் சேலைக்கொடி

மேட்டுக்காட்டில் கிணறு கிடையாது. அதனால்தான் அதைப் பேச்சிக்கு விற்றார்கள். கிணறு இருந்திருந்தால் கீழத்தெருக்காரிக்கு விற்றிருக்க மாட்டார்கள். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

நான்கு ஏக்கர், முழுக்க வேலிக்காத்தான் முள். கரண்ட் கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ரோடு ஓடையோடு முடிந்துவிடும். அப்புறம் வண்டித்தடம், அதற்கப்புறம் ஆட்டுத்தடம். பூமிக்கடியில் உப்புத்தண்ணீர். அதுவும் புதுசாக போர் போட அரசாங்கம் தடை விதித்துப் பல வருஷமாகிறது. "கழுதகூட ஒதுங்காத எடத்த வாங்கிருக்கா படிச்ச புள்ள" என்று டீக்கடையில் சிரித்தார்கள். பேச்சிக்கும் சிரிப்புதான் வந்தது. அவள் தேடியது அந்த மாதிரி இடத்தைத்தான். யார் கம்பியும் வேண்டாம், யார் குழாயும் வேண்டாம். முக்கியமாக, யார் கிணறும் வேண்டாம்.

கிணறு என்றால் அந்த ஊரில் சீனிவாசகம் முதலாளி கிணறுதான். பேச்சி சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவள் அம்மா அந்தக் கிணற்றடியில் குடத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கிணற்று மேட்டில் நிற்கிற பண்ணையாள் வாளியைச் சாய்ப்பான். பாதி குடத்தில் விழும், பாதி அம்மாவின் முகத்தில் விழும். அம்மா முகத்தைத் துடைத்ததே இல்லை. துடைக்கக் கை வேண்டுமே. பின்னால் பேச்சி இன்ஜினியரிங் முடித்தபோது, குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று காலேஜில் மேடையேற்றி, படிப்பில் எப்படி ஆர்வம் வந்தது என்று கேட்டார்கள். அந்த ஈர முகத்தைப் பற்றி மைக்கில் எப்படிச் சொல்வது? "டீச்சர்மார்தான் காரணம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கோயமுத்தூரில் அவள் வேலை பார்த்த கம்பெனி ஒரே ஒரு பொருளைத்தான் செய்தது. அதன் பெயர் ஈரவாங்கி. கறுப்பாக, பஞ்சு மாதிரி, ஆள் உயரத்துக்கு ஒரு தகடு. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் உப்பு கசிந்து நிற்குமே, அந்த மாதிரி ராத்திரிக் காற்றிலிருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். காலையில் வெயில் ஏறியதும் கக்கிவிடும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. வரிசையாகத் தொங்கவிட்டுக் கீழே தகர வாய்க்கால் வைத்தால் போதும், தொட்டி நிறையும். 'யாரிடமிருந்தும் எடுக்காத தண்ணீர்' என்று கம்பெனி அதற்கு விளம்பரம் செய்தது.

பேச்சி வேலையை விட்டுவிட்டு, சம்பளத்துக்குப் பதிலாகத் தகடுகளை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். முள்ளை வெட்டினாள். வெட்டின முள்ளை மூட்டம் போட்டுக் கரியாக்கினாள். செம்மண் கல் அறுத்து ஓர் அறை கட்டினாள். கூரையில் சோலார் தகடு, அறைக்குப் பின்னால் நாலு ஆடு, முன்னால் முருங்கையும் எலுமிச்சையும். பக்கத்தில் உயரமாகக் கல் அடுக்கி அதன்மேல் தொட்டி. தொட்டியிலிருந்து நேராக வீட்டுக்குள் ஒரு குழாய். வெளியே குழாய் வைக்கவில்லை. வைத்தால் ஆடு முட்டித் திறந்துவிடும் என்று பயம். அடியில் கழுவிவிட ஒரு அடைப்பு மட்டும் உண்டு.

அம்மா கோவில்பட்டியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தாள். கூப்பிட்டால் போனில் ஒரே பதில்தான். "கொழாயத் திருகுனா ஒன் தண்ணி வரணும். அப்ப வாரேன்." மாசி பிறந்ததும் கூட்டி வருவது என்று பேச்சி முடிவு செய்திருந்தாள்.

மேட்டின் மேல் கறுப்புத் தகடுகள் வரிசையாக ஆடுவது, துவைத்துக் காயப்போட்ட சேலை மாதிரி இருந்தது. ஊர் அதற்குச் சேலைக்கொடி என்று பெயர் வைத்துவிட்டது. அப்படிப் பெயர் வைத்தவள் மாடத்தி.

"ஏட்டி பேச்சி! வானத்துக்கா சேல காயப்போட்டுருக்க?"

"ஆமா, வந்து மடிச்சு வையி."

"மடிச்சா கூலி உண்டா?"

"ஒரு கொடம் தண்ணி."

"அது போதும்ளா. எங்க தெருக் கொழாயில கொசுதான் வருது."

மாடத்தியும் பேச்சியும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அப்புறம் ஒருத்தி ஹாஸ்டலுக்குப் போனாள், ஒருத்தி தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். மாடத்தியின் புருஷன் திருப்பூரில் இருந்தான். தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் வருவான். அவள் மாமியாரோடு இருந்துகொண்டு, மேட்டுக்குக் கீழே ஓடையை ஒட்டிய பள்ளத்துப் புஞ்சையை முதலாளியிடம் வாரத்துக்குப் பிடித்துக் கொண்டைக்கடலை போட்டிருந்தாள். விளைந்ததில் பாதி அவருக்கு. விளையாவிட்டால் அடுத்த வருஷம் காடு வேறு ஆளுக்கு.

கரிசக்காட்டுக் கடலைக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. ஐப்பசி மழையில் விதைத்தால் அப்புறம் மண்ணின் ஈரமும் ராத்திரிப் பனியும்தான். கடலை இலையில் ஒரு புளிப்பு உண்டு. பனி அதில் இறங்கினால் பனியும் புளிக்கும். அந்திக்கருக்கலில் செடிமேல் வெள்ளைத்துணியை விரித்துவிட்டு, வெயில் படுமுன் எடுத்துப் பிழிந்தால் பாத்திரத்தில் கடலைப் புளிப்பு இறங்கும். ரசத்துக்கு ஊற்றலாம். வயிற்றுப் பொருமலுக்கு ஒரு மூடி போதும். கார்த்திகையில் மாடத்தி முதல் புளிப்பை ஒரு பழைய டானிக் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடி. கம்பெனிச் சோறு தின்ன வயிறு சுத்தமாகட்டும்."

பேச்சி குடித்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. மாடத்தி கைகொட்டிச் சிரித்தாள். பிறகு குடத்தைத் தூக்கிப் பிடித்தாள். பேச்சி கல்மேடையில் ஏறி, தொட்டி மூடியைத் திறந்து வாளியில் மோந்து ஊற்றினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு குடம். பேச்சிக்கு அது பெருமையாக இருந்தது. தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவள் வம்சத்தில் யாருக்கும் தெரியாது.

மார்கழியில் ஒருநாள் மாடத்தி துணியை அப்படியே கொண்டுவந்து நீட்டினாள்.

"தொட்டுப் பாரு."

துணி மொடமொடவென்று இருந்தது. கொடியிலிருந்து எடுத்த வேட்டி மாதிரி.

"நேத்தும் இப்படித்தான், முந்தாநேத்தும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் பனி பெய்யுது. மொதலாளி மல்லிக்காட்டுல நடந்தா கணுக்கால் நனையுது. என் காட்டுல மட்டும் எறங்கல. பூ கருகுதுட்டி."

"மண்ணுல ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தாள் பேச்சி.

"மண்ணு இல்ல, நானாம். எங்க மாமியா சொல்லுதா. பனி வெலகிப் போற காட்டுல பொம்பள மனசு சுத்தமில்லன்னு அர்த்தமாம். நேத்து நடுத்தெருவுல நிக்கவச்சு, புருசன் இல்லாத நேரம் யார்கிட்டட்டி பேசுனன்னு கேக்கா. திருப்பூருக்கும் போன் போட்டாச்சு." மாடத்தி சிரிக்கப் பார்த்தாள்; வரவில்லை. "நான் செவ்வாக்கெழம தோறும் பட்டினி கெடக்கேன்னு அம்மனுக்கு நேந்துருக்கேன். என்ன குத்தம் செஞ்சேன்னுதான் தெரியல."

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பேச்சி யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. 'யாரிடமிருந்தும் எடுக்காத தண்ணீர்' என்ற வாசகம் பொய் என்பது, தகட்டைச் செய்த ஆட்களில் ஒருத்தியான அவளுக்கு முதல் நாளே தெரியும். ஈரத்தைப் பறிகொடுத்த காற்று எங்கேயாவது போகத்தான் செய்யும். அது போகிற இடத்தில் பனி இறங்காது. கோயமுத்தூரில் உட்கார்ந்து மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, அது எங்கே போக வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். மேட்டுக்குத் தென்மேற்கே சீனிவாசகம் முதலாளியின் மல்லிக்காடு. தகடுகளை அதற்குத் தோதாகத்தான் நட்டாள். அம்மாவின் முகத்துக்கு அது சின்னப் பழி. ஒரு காடு மல்லி கருகினால் அவர் ஒன்றும் பிச்சை எடுக்கப் போவதில்லை.

ஆனால் மல்லி தளதளவென்று நின்றது.

மறுநாள் விடிகிற நேரத்தில் பேச்சி வெளியே கல் கூட்டி, ஈரச்சுள்ளியைப் போட்டு அடுப்பு மூட்டினாள். புகை மேலே எழும்பவில்லை, தென்மேற்கேயும் போகவில்லை. தரையோடு தரையாக நெளிந்து, தகடுகளின் காலடியைச் சுற்றி, சரிவில் இறங்கி, ஓடையைப் பார்த்து மெதுவாக ஊர்ந்தது. மாடத்தியின் கடலைக்காட்டுக்கு மேல் போய் ஒரு போர்வை மாதிரி படுத்துக்கொண்டது.

கார்த்திகையில் மழை ஈரம் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் போதுமானதாக இருந்தது, மார்கழியில் இல்லை. வாடை ராத்திரியில் அடங்கிவிடும். காற்று அசையாத நேரத்தில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலத்தான், பள்ளத்தைப் பார்த்து ஓடும். மூன்றாம் செமஸ்டரில் படித்து, பாஸான பாடம். மேப்பைப் பார்த்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. கோபம் இருந்த இடத்தில் பாடம் நிற்கவில்லை.

அன்றைக்கே கழற்றியிருக்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு ஸ்பேனர் போதும். ஸ்பேனரைக் கையில் எடுக்கவும் செய்தாள். முருங்கை அப்போதுதான் இடுப்பளவு வந்திருந்தது. எலுமிச்சை புதுத்துளிர் விட்டிருந்தது. தண்ணீரை நிறுத்தினால் அதெல்லாம் பத்து நாளில் விறகு. மாசிக்கு அம்மா வருவாள். வந்து குழாயைத் திருகுவாள். இன்னும் கொஞ்சநாள் பார்ப்போம் என்று பேச்சி ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்தாள். மறுநாளிலிருந்து மாடத்திக்கு ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு குடம் ஊற்றினாள்.

"என்னட்டி திடீர்னு தர்மம் கூடுது?"

"தொட்டி நெறைய கெடக்கு, கொண்டு போ."

"நீ நல்லாருப்பட்டி" என்றாள் மாடத்தி. பேச்சி மேடை மேல் நின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அன்று மத்தியானம் மோர் கரைத்துக் குடிக்கலாம் என்று தண்ணீரை மோந்தவள், அதைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினாள்.

தை பிறந்த வாரத்தில் சீனிவாசகம் முதலாளி பைக்கில் வந்தார். மேட்டுக்கு வண்டி ஏறவில்லை. கீழேயே நிறுத்திவிட்டு மூச்சு வாங்க நடந்து வந்தார். பேச்சியின் அம்மாவை ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்காத வாய், இப்போது "வணக்கம்மா இன்ஜினியரு" என்றது.

"ஒங்க சேலைக்கொடியப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு. நல்லா ஊறுதாமே?"

"ஊறுது."

"எனக்கும் ஒரு எரநூறு வேணும். ஓடையோரம் முழுக்க வரிசையா நட்டுரலாம்னு பாக்கேன். தண்ணியா டவுன்ல வித்தா கடலைய விட லாபம். நீங்க கம்பெனில ஒரு வார்த்த சொல்லணும்."

"ஓடைக்காடு மாடத்தி கையில இல்ல இருக்கு?"

"அவளா? கடலைய கருக்கி வச்சிருக்கா. கை ராசியில்ல. அவ மாமியாளே சொல்லுதா, வேற என்னென்னமோ பேச்சும் அடிபடுது. மாசியோட காட்ட வாங்கிர வேண்டியதுதான்." அவர் தகடு ஒன்றைத் தட்டிப் பார்த்தார், மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல. "யாருக்கும் தொந்தரவு இல்லாத மிசினு. இல்லையா?"

பேச்சி வாயைத் திறந்தாள். "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றுதான் வந்தது. அவர் இறங்கிப் போன பிறகு, தான் சொன்ன அந்த வார்த்தையை அவளாலேயே பொறுக்க முடியவில்லை.

அந்தச் சூட்டோடு ஓடைக்காட்டுக்கு இறங்கினாள். மாடத்தி குனிந்து குனிந்து நகர்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பேச்சி காலையில் ஊற்றிக் கொடுத்த இரண்டு குடம். கையில் ஒரு சிரட்டை. ஒவ்வொரு செடிக்கும் தூரில் அரைச் சிரட்டை ஊற்றி, மண்ணை மூடி, அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

"குடிக்கத்தானட்டி குடுத்தேன்!"

"நான் ஒரு வா குடிக்கலன்னா சாக மாட்டேன். இது செத்துரும்." நிமிராமலே சொன்னாள். "இத்தன நாளும் இதுக்குத்தான் ஊத்துதேன். ஒன் புண்ணியத்துல இந்த ரெண்டு சால் காய் பிடிச்சிருக்கு, பாரு."

பேச்சி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாடத்தி, அது என் புண்ணியம் இல்ல. இந்தக் கொடத்துல இருக்கதே ஒன் காட்டுப் பனிதான்."

"என்னது?"

"ராத்திரி மேட்டுல இருந்து குளுந்த காத்து ஒன் காட்டுக்குத்தான் எறங்கி வருது. வாரதுக்கு முன்னாலயே என் தகடு அதுல உள்ள ஈரத்தக் குடிச்சிருது. இங்க வந்து சேருறது வெறுங்காத்து. அதான் துணி நனையல. நீ ஒரு குத்தமும் பண்ணல. பண்ணது நான்."

சிரட்டை பாதியில் நின்றது. மாடத்தி மேட்டைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மார்கழியில."

"எங்க மாமியா என்னத் தெருவுல நிக்கவச்சாளே, அதுக்கு முன்னயா, பின்னயா?"

"பின்னதான். நீ வந்து சொன்னதுக்கு மறுநாளு."

"அப்ப நான் அதுக்கப்புறம் பட்டினி கெடந்ததெல்லாம் தெரிஞ்சுதான் நீ பாத்துக்கிட்டு இருந்த. திருப்பூர்ல இருந்து அந்த மனுசன் போனுல என்னக் கண்ட வார்த்த பேசுனான்னு ஒன்கிட்டதான வந்து அழுதேன்."

"ஆமா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்ல ஆரம்பித்த வாய் பாதியில் நின்றால் மறுபடி பொய்யாகிவிடும் என்று பேச்சிக்குத் தோன்றியது. மேப்பைப் பற்றிச் சொன்னாள். மல்லிக்காட்டைக் குறிவைத்து நட்டதைச் சொன்னாள். அம்மாவின் முகத்தைச் சொன்னாள்.

மாடத்தி திடீரென்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மொதலாளிக்குக் குறி வச்சியா? படிச்ச மூதி, குறிய ஒழுங்காத்தான் வச்சுத் தொலச்சிருக்கக் கூடாதா?"

பேச்சியும் சிரித்துவிடுவாள் போலிருந்தது. அதற்குள் மாடத்தியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவன் மல்லி கருகியிருந்தா யார்கிட்டயாவது சொல்லிருப்பியா?"

"இல்ல."

"அந்த மல்லியப் பறிக்கக் கூலிக்குப் போறது யாரு? நானும் எங்க தெருவும். அது அந்த மேப்புல இருந்துச்சா?"

மாடத்தி குடத்தை எட்டி உதைக்கவில்லை. மீதித் தண்ணீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் செடிகளுக்கு ஊற்றி முடித்தாள். காலிக்குடங்கள் இரண்டையும் பேச்சியின் காலடியில் வைக்காமல் தானே எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் பேச்சி தகடுகளைக் கழற்றிவிட்டாள். கை முழுக்கச் சிராய்ப்பு. கம்பெனிக்குப் போன் போட்டு, இந்த ஊர்ப் பக்கம் யார் கேட்டாலும் ஒரு தகடுகூடக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நானே பேப்பருக்குப் போவேன் என்று கத்தினாள். மறுமுனையில் இருந்தவன், "மேடம், நீங்க இப்ப ஸ்டாஃப் இல்லையே" என்று பணிவாகச் சொன்னான். அது நியாயம்தான். செய்து கொடுத்தவளே போய்க் கத்தினால் யார் கேட்பார்கள்?

சில நாள் யாரும் மேட்டுக்கு வரவில்லை. பனி திரும்பி இறங்குகிறதா என்று போய்ப் பார்க்கப் பேச்சிக்குத் தைரியமில்லை. தொட்டித் தண்ணீரை ஆட்டுக்கும் முருங்கைக்கும் காட்டினாள். தான் குடிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் வெயில் ஏறுகிற நேரம், சரிவில் பேச்சுச் சத்தம் கேட்டது. மாடத்தி முன்னால் வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் கீழத்தெரு. கடைசியாக மூச்சிரைத்துக்கொண்டு மாடத்தியின் மாமியார்க் கிழவி. தொட்டியை உடைக்க வருகிறார்கள் என்றுதான் பேச்சி நினைத்தாள். உடைத்தால் உடைக்கட்டும் என்று வாசலிலிருந்து விலகி நின்றாள். அப்புறம்தான் பார்த்தாள், ஒவ்வொரு இடுப்பிலும் காலிக்குடம்.

"தெருவுல எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள் மாடத்தி. "என்ன நிக்கவச்ச அதே எடத்துல நின்னு சொன்னேன்."

கிழவி தரையைப் பார்த்தாள்.

"இப்ப துணி நனையுது. ஆனா வேர் காஞ்சுபோச்சு. ஒரு தண்ணி காட்டுனா பாதிச் செடி பொழைக்கும். தொட்டியில எவ்வளவு கெடக்கு?"

"முக்காத் தொட்டி."

"அது யாரு தண்ணி?"

மாசிக்கு வரப்போகிற அம்மா ஒரு கணம் பேச்சியின் கண்ணுக்குள் வந்து குழாயைத் திருகினாள். துளிர்விட்ட எலுமிச்சையும் தெரிந்தது.

"ஒங்களோடது."

"அப்ப ஊத்து."

பேச்சி ஓடிப்போய்க் கல்மேடையில் ஏறினாள். மூடியைத் திறந்தாள். வாளியை முக்கித் தூக்கினாள். இதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். முதலில் கிழவிதான் வந்தாள். யாரும் சொல்லாமலே, பழகின கை, குடத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தது. பேச்சி வாளியைச் சாய்த்தாள். பாதி குடத்தில் விழுந்தது. பாதி கிழவியின் முகத்தில் விழுந்தது. கிழவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அசையாமல், அடுத்த வாளிக்காகக் காத்து நின்றாள்.

வாளி அந்தரத்தில் நின்றது. மேடையிலிருந்து பார்க்கக் கிழவியின் முகம் எப்படித் தெரிந்ததோ, அப்படித்தான் இத்தனை நாளும் மாடத்தியின் முகமும் தெரிந்திருக்கும். கார்த்திகையிலிருந்து தினமும். பேச்சி பார்க்கவில்லை.

"ஏட்டி" என்றாள் மாடத்தி. குரலில் கோபம் இல்லை. வேலை கெட்டுப்போகிறதே என்கிற அவசரம் மட்டும் இருந்தது. "கீழ எறங்கி ஊத்து."

பேச்சி இறங்கினாள். தொட்டிக்கு அடியில் போய் மண்டியிட்டு, கழுவிவிட வைத்திருந்த அடைப்பைத் திருகினாள். இறுகிக் கிடந்தது, மாடத்தி வந்து ஒரு கை கொடுத்தாள். தண்ணீர் தரைமட்டத்தில் பிய்த்துக்கொண்டு வந்தது.

கிழவி குடத்தைத் தலையிலிருந்து இறக்கித் தண்ணீருக்கு நேராகத் தரையில் வைத்தாள். குடம் தானாக நிறைந்தது. கிழவிக்குக் கை சும்மா இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.